கைக்கு எட்டாத சிவப்புக் கைப்பிடி

ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். நாமெல்லோரும் சேர் என்று கூப்பிடும் நம் முதலாளி போன் எடுத்து, "சரோ, நீங்க இப்ப வீட்ல சும்மாதானே?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். சும்மா இருக்கிறேன் என்று இவருக்கு யார் சொன்னது? கம்பளைச் சந்தைக்குப் போய், நாலு பேரிடம் கதைத்துவிட்டு, மரக்கறியோடு வீடு வந்து சேரவே எனக்கு அரை நாள் போய்விடுகிறது. இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. பதினாறு வருடம் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியவள் நான்.

நிழலை எங்கே போடுவது, எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப் போவது ஒரு பிழையைப் பற்றி. பிழை என்னுடையது. அதனால் ஒரு மனிதனுடைய மூச்சு நின்றுபோகப் பார்த்தது. நிற்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

நான் முதலில் பாடப் புத்தகங்களுக்குத் தவளையும் தாமரையும் வரைந்து கொண்டிருந்தவள். நாற்பது தாண்டிய பிறகுதான் இந்த ஸ்டூடியோவுக்கு வந்தேன். வெளிநாட்டுக் கம்பனிகள் செய்யும் கணினி விளையாட்டுகளில் வரும் ஆட்கள் எப்படி இருக்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று முதலில் காகிதத்தில் யோசித்துக் கொடுப்பது நம்முடைய வேலை. எனக்கு வாய்த்தது நூறு வருடம் கழித்து வரப்போகும் பட்டாளக்காரர்கள். அவர்களுக்குக் கவசம் வரைவதுதான் என் பிழைப்பு. என் நாத்தனாருக்கு இதை எத்தனை தரம் விளக்கியும் புரியவில்லை. கல்யாண வீடுகளில், "எங்க அண்ணி பட்டாளத்துக்குச் சட்டை தைக்கிறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதைக் கேட்டு இரண்டு பேர் ரவிக்கை தைக்கத் துணியோடு என் வீட்டுக்கு வந்து நின்றார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கம்பனி நம்மிடம் பெரிய வேலை ஒன்றைக் கொடுத்தது. அவர்களுடைய புதிய விளையாட்டின் நாயகனுக்குத் தலையிலிருந்து கால்வரை மூடும் கவசம் வேண்டும். அந்த வேலையை நம்பித்தான் சேர் வங்கியில் தவணை சொல்லி வைத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் மூன்று வாரம் வரைந்தேன். உடம்பெல்லாம் செதில் கொண்ட அழுங்கு ஒன்றை ஒருமுறை தோட்டத்துப் பாதையில் பார்த்திருந்தேன். அந்தச் செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் விதத்தைக் கவசத்துக்கு எடுத்துக்கொண்டேன். இடது தோளும் இடது கையும் கேடயம் மாதிரிப் பெரிதாக, தடிப்பாக இருக்கும். வலது கை மெலிந்து, முழங்கையில் நன்றாக மடியும்.

வலது கையை அப்படி வைத்ததற்குக் காரணம் இருந்தது. இடது அக்குளுக்குக் கீழே ஒரு சிவப்புக் கைப்பிடி வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் ஆள் வலது கையால் அதை எட்டிப் பிடித்து இழுத்தால் நெஞ்சுத் தட்டு கதவு மாதிரித் திறக்கும். அதன்பிறகுதான் தலைக்கவசம் கழலும். யார் உதவியும் இல்லாமல் அவன் வெளியே வந்துவிடலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே யோசித்து வைத்தேன். சரியான விஷயத்தை யோசித்த அதே புத்திதான் பிறகு அதைக் கெடுத்தது.

படத்தைக் காட்டுவதற்குக் காணொளி அழைப்பு வைத்தோம். அந்தக் கம்பனியின் பொறுப்பாளர் ஒரு பெண்மணி. கறாரானவர், சிரிப்பது அபூர்வம். படத்தைப் பார்த்துவிட்டு இடது பக்கம் மிக அழகு என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லையோ என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏன் ஒத்துவரவில்லை என்று நான் விளக்கியிருக்கலாம். ஆனால் சேர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கை கால் ஓடவில்லை. நாம் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தேன். பாதி உருவத்தை வரைந்து, ஒரு பொத்தானை அழுத்தி, மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவது போல எடுத்துக்கொள்வோமே, அதுதான். இடது பக்கத்தைப் பிடித்து அப்படியே வலது பக்கத்தில் ஒட்டினேன். இரண்டு நொடி வேலை.

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். இதுதான், இதுதான் என்றார். சேர் மத்தியானம் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயந்தரம் கம்பளை பஸ்ஸில் நின்றபடி வந்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தோளில் மாட்டிய பையைத் திறந்து டிக்கட் காசு எடுக்கப் பார்க்கிறேன், கை மடக்க இடமில்லாமல் பக்கத்தில் நின்ற ஆளின் மேல் முட்டுகிறது. அப்போதுதான் சுரீர் என்றது. கவசத்தில் இப்போது இரண்டு கையும் தடிப்பு. இரண்டு அக்குளுக்குக் கீழேயும் அழகாக ஒவ்வொரு சிவப்புக் கைப்பிடி. எந்தக் கையாலும் எந்தக் கைப்பிடியையும் எட்ட முடியாது.

மறுநாள் போய்ச் சொன்னேனா? இல்லை. விளையாட்டில்தானே, அங்கே யார் சட்டையைக் கழற்றப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானம் அன்றைக்கு உண்மையாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் படத்துக்குள் இருக்கிறவன் மூச்சு விட வேண்டிய தேவை இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. கண்காட்சி ஒன்றில் அந்தக் கவசத்தை உண்மையாகவே ஒரு ஆளுக்குப் போட்டு நிறுத்தப் போகிறார்களாம். அதை நாங்களே செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சேருக்குத் தலைகால் புரியவில்லை. பிலிமத்தலாவையில் பஸ்களுக்கு ஃபைபரில் முகப்பு வார்க்கும் ஒரு மேஸ்திரி இருந்தார், இங்கே பாஸ் என்போம். கை சுத்தமான தொழிலாளி. அவரிடம் படங்களைக் கொடுத்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளையும் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, "நோனா, இதைப் போட்ட மனுசன் எப்படிக் கழற்றுவான்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பாருங்கள், கேள்வி தானாகவே என் வாசல்படிக்கு வந்து நின்றது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குக் கோபம் வந்தது. "பக்கத்தில் ரெண்டு பேர் நின்று கையைத் தூக்கி இழுத்துவிடுவார்கள். நீங்கள் படத்தில் உள்ளபடி செய்யுங்கள்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். படத்தில் உள்ளபடியே, ஒரு நூல் பிசகாமல் செய்தார்.

கவசம் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா வெளிநாட்டிலிருந்து கொழும்பில் வந்து இறங்கி, இங்கே பார்க்க வருவதாக இருந்தது. போட்டுப் பார்க்க நமக்கு ஒரே ஆள்தான் இருந்தான், ரிஸ்வான். நான் வரைவதற்குக் கணினியில் உருவம் கொடுப்பவன் அவன். மடவளைக்காரன், ஆறடி உயரம், இரண்டு பெண் பிள்ளைகளின் வாப்பா, 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்று சொல்கிறவன். நான் வேலை நேரத்தில் எரிந்து விழுகிறவள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த எரிச்சல் முழுவதையும் சிரித்துக்கொண்டே வாங்கியவன் ரிஸ்வான்தான்.

பாஸ் காலையில் வந்து, கவசத்தை அவனுக்குப் போட்டு, எனக்கும் சேருக்கும் அவன் கையைத் தூக்கிக் கைப்பிடியை இழுத்துத் திறக்கப் பழக்கிவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று பிலிமத்தலாவைக்குப் போய்விட்டார். நின்ற நிலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மத்தியானம் ரிஸ்வான் லுஹர் தொழுதுவிட்டு வந்து, "வயிறு நெறஞ்சா இது மூடாது" என்று ஒரு பணிஸ் பன்னை மட்டும் தின்றுவிட்டு மறுபடியும் உள்ளே போனான். அந்த அம்மா அனுப்பிய பட்டியலில் நடக்க வேண்டும், சலூட் அடிக்க வேண்டும், உட்கார வேண்டும் என்று இருந்தது. நடந்தான். சலூட் கொஞ்சம் கோணலாக அடித்தான். முதுகில் மின்கலப் பெட்டி மாதிரி ஒரு திமில் வைத்திருந்தேன், அதனால் சாய்வு உள்ள கதிரை சரிவராது என்று ஒரு ஸ்டூலைப் போட்டோம். உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் தொடைத் தட்டுகள் மேலே ஏறி நெஞ்சுத் தட்டைத் தள்ளின. நெஞ்சுத் தட்டு கழுத்து வளையத்தைத் தள்ளியது. அந்த வளையம் போய் அவன் தாடைக்குக் கீழே அழுத்தி நின்றது. இரண்டு தோள் தட்டுகளும் வளையத்தில் முட்டி, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிட்டன. கை இரண்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. கைப்பிடிகள் இரண்டும் அக்குளுக்குள் புதைந்துபோயின. தொடைத் தட்டுகளும் பூட்டிக்கொண்டதால் அவனால் எழும்பவும் முடியவில்லை.

"அக்கா, கொஞ்சம் இறுக்கமா ஈக்கி" என்றான் உள்ளேயிருந்து.

நானும் சேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தோம். தோள் ஒரு அங்குலம் அசைந்தது, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, வெறும் சத்தம். வளையம் இன்னும் மேலே ஏறியிருக்கிறது என்று புரிந்தது. உடனே விட்டுவிட்டோம். படுக்க வைக்கலாம் என்றார் சேர். படுத்தால் திமில் தரையில் இடித்து முழுப் பாரமும் கழுத்துக்குப் போகும் என்று நான் தடுத்தேன்.

சேர் பாஸுக்குப் போன் எடுத்தார். பாஸ் பதறிக்கொண்டு புறப்பட்டார். ஆனால் கெட்டம்பேயில் வாகனங்கள் அசையாமல் நிற்கின்றன, எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். சேர் என்னைப் பார்த்து, "பொட்டக் இன்ன" என்றார். கொஞ்சம் பொறுங்கள், அவர் வந்து பக்குவமாகக் கழற்றுவார், நாளைக்குக் காட்ட வேண்டிய சாமான், கீறல் விழக் கூடாது என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். அந்த நேரத்தில் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். தலைக்கவசத்துக்குள் சின்ன மின்விசிறி ஓடுகிறது, காற்று இருக்கிறது, முக்கால் மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

"ரிஸ்வான், நல்லா இருக்கியா?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, பரவாயில்ல."

அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லா இருக்கியா என்று கேட்டால் ரிஸ்வான் மாதிரிப் பிள்ளை என்ன சொல்வான்? நெருப்புக்குள் நின்றாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வான். என் மகனுக்குச் சின்ன வயதில் இழுப்பு வரும்போது, ஆஸ்பத்திரியில் டொக்டர் அவனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கவே மாட்டார். எண்ணச் சொல்லுவார். அது ஞாபகம் வந்தது.

"தம்பி, ஒரே மூச்சில பத்து வரைக்கும் எண்ணு பாப்போம்" என்றேன்.

எண்ணினான். ஏழில் மூச்சு எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எண்ணச் சொன்னேன். நாலில் நின்றது. பாஸ் இன்னும் கெட்டம்பேயைத் தாண்டவில்லை.

நீங்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஆளை ஆள் பார்த்து, என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருப்போம். அளக்கக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏழு நாலாகிவிட்டது என்று தெரிந்த பிறகு எனக்குச் சேருடைய முகமும் தெரியவில்லை, நாளைக்கு வரப்போகிற அம்மாவும் தெரியவில்லை.

ஸ்டூடியோவுக்குக் கீழே அலுமினியத்தில் ஜன்னல் செய்யும் கடை உண்டு. அங்கே வேலை செய்யும் ராஜனை மாடியிலிருந்தே கூப்பிட்டேன். "ராஜன், வெட்டுற கிரைண்டரைத் தூக்கிட்டு ஓடி வாங்க. வயரும் சேத்து." அவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். உள்ளே இருப்பதைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, உள்ளுக்கு ஆள் இருக்கப்ப எப்படி வெட்டுறது? பிளேட் எவ்வளவு எறங்கும்னு தெரியாது. சதையில பட்டுச்சின்னா என்ன செய்யிறது?"

நியாயமான கேள்வி. அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்த ஆள் ஒருத்திதான். அந்தக் கவசத்துக்கும் அவன் உடம்புக்கும் நடுவே எங்கே இடைவெளி இருக்கிறது, எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வரைந்தவளுக்குத்தான் தெரியும். முதுகுத் திமில் வெறும் அலங்காரம். உள்ளே நாலு விரல் ஆழத்துக்கு ஒன்றுமில்லை. முன் தட்டையும் பின் தட்டையும் பிடிக்கும் தோள் வார்ப்பட்டிகள் அந்தத் திமிலுக்குள்தான் வந்து முடிந்தன. அவற்றை அறுத்தால் நெஞ்சை மூடிய முன் தட்டு கீழே இறங்கி, கழுத்து வளையம் தளர்ந்துவிடும்.

ஆனால் நான் வரைந்தது வேறு, பாஸ் செய்தது வேறாக இருந்தால்? சேரின் கையிலிருந்த போனை வாங்கி, "பாஸ், திமிலுக்குள்ளே ஏதாவது வைத்தீர்களா?" என்று கேட்டேன். பலம் போதாது என்று மேல் பக்கம் குறுக்கே ஒரு பலகைத் துண்டு வைத்தாராம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை என்றார். மேலே வெட்டாதீர்கள் நோனா, பலகையில் பிளேட் துள்ளும் என்றார். கேட்காமல் விட்டிருந்தால் நான் மேலேதான் கோடு போட்டிருப்பேன்.

சேர் என் முன்னால் வந்து நின்றார். "சரோ, நாளைக்கு என்ன காட்டுறது?" என்றார்.

"சேர், இவன் நாளைக்கு வீட்டுக்குப் போகணும்" என்றேன். நாளைக்கு என்று ஏன் சொன்னேனோ தெரியாது, வாயில் அப்படித்தான் வந்தது. அவர் விலகிப் போய்த் தானே ஒரு துவாயை நனைத்துக் கொண்டுவந்து, ஃபைபர் தூசி உள்ளே போகாமல் ரிஸ்வானின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். அதனால்தான் இன்றைக்கும் அவர் போன் எடுத்தால் நான் மறுக்காமல் எழுதித் தருகிறேன்.

மார்க்கரை எடுத்துத் திமிலில் மூன்று கோடு போட்டேன். ஒரு கோட்டுக்குப் பத்துத் தரம் அழிக்கிறவள் நான், அன்றைக்கு அழிக்க நேரமில்லை. "ரிஸ்வான், பெரிய சத்தம் வரும். முதுகுல சூடு பட்டா காலால தரையில தட்டு. மத்தபடி அசையாத" என்றேன். அவன் காலால் ஒருமுறை தட்டிக் காட்டினான்.

ராஜன் வெட்டினார். அந்தச் சத்தமும் தூசியும் நாற்றமும் எவ்வளவு நேரம் இருந்தன என்று தெரியவில்லை. நான் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று கோடும் முடிந்ததும் திமில் ஒரு மூடி மாதிரித் திறந்தது. உள்ளே கையை விட்டேன். வார் கையில் பட்டது. காகிதம் வெட்டும் பிளேடால் ஒன்றை அறுத்தேன், மற்றதையும் அறுத்தேன். முன் தட்டு அவன் மடியில் தொம்மென்று விழுந்தது. சேர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

ரிஸ்வான் வாயைத் திறந்து காற்றை இழுத்த சத்தம் இருக்கிறதே, அதைவிட இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. கழுத்தில் சிவப்பாக ஒரு வரி. முகமெல்லாம் வியர்வை. நாலைந்து தரம் மூச்சு எடுத்துவிட்டு, "அக்கா, அடுத்த மொற சாரம் கட்டின ஒரு பட்டாளத்துக்காரன வரைங்க" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜன் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். நான் அழுதேன். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அழுகையோடு அழுகையாக, அதுவரை மறைத்து வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். பொத்தான் அழுத்தியது, பஸ்ஸில் கண்டுபிடித்தது, பாஸ் கேட்டபோது எரிந்து விழுந்தது, எல்லாம். தெரிந்தே சும்மா இருந்துவிட்டேன் என்றேன்.

ரிஸ்வானின் சிரிப்பு நின்றது. "தெரிஞ்சா செல்லி ஈக்கலாமே அக்கா" என்றான். சத்தம் போடவில்லை. எழுந்து முகம் கழுவப் போய்விட்டான். பாஸ் வந்து சேர்ந்தபோது அவன் மடவளை பஸ்ஸில் ஏறியிருந்தான்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த அம்மா வந்தார். கொண்டுவரும்போது உடைந்துவிட்டது என்று சொல்லிப் பூசி மெழுகிவிடலாமா என்று சேர் காலையில் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அவரும் அதை இரண்டாவது தரம் கேட்கவில்லை. திமிலில் ஓட்டையோடு கவசத்தை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். என் ஆங்கிலம் அப்படியொன்றும் பெரிதல்ல, ஆனால் மூச்சு முட்டியது என்பதைச் சொல்லப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. அவர் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார். கண்காட்சியில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் மணிக்கணக்காக நிற்கவும் உட்காரவும் வேண்டியிருந்ததாம். அந்த ஆளுக்கு அவர்கள் ஊரில் இப்படி ஆகியிருந்தால் என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

நான் முதல் படத்தை எடுத்துக் காட்டினேன், வலது கை மெலிந்த படம். சிவப்புக் கைப்பிடி எதற்கு, அந்தக் கை ஏன் மெலிந்தது என்று விளக்கினேன். அன்றைக்கே இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியது. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, இதை ஏன் வேண்டாம் என்று விட்டீர்கள் என்று எங்களையே கேட்டார். சேர் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புதிதாகச் செய்ய அந்த அம்மா ஐந்து வாரம் தந்தார். வேலை கை நழுவவில்லை. அந்த அம்மாவின் வாகனம் வாசலைத் தாண்டியதும் சேர் படியிலேயே உட்கார்ந்து ஒரு பிளேன்டீ கேட்டார். சீனி போட மறந்து கொடுத்ததையும் அப்படியே குடித்தார்.

அந்த ஐந்து வாரமும் ரிஸ்வான் என்னோடு வேலை செய்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான், செய்ய வேண்டியதைச் செய்தான். சிரிக்கவில்லை. நான் ஏதாவது எரிந்து விழுந்தால் முன்பு மாதிரிப் பகிடி பண்ணாமல் "சரி அக்கா" என்று மட்டும் சொன்னான். எனக்கு அது போதுமான தண்டனையாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அக்கா, முடிஞ்சது முடிஞ்சதுதானே" என்றான். ஆனால் முடியவில்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் மனைவி அந்தக் கழுத்து வரியைப் பார்த்து என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை.

இரண்டாவது கவசம் வந்த அன்று, இதை இனி ரிஸ்வானிடம் போடச் சொல்லிக் கேட்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். வரைந்தவள் நான், முதலில் உட்காரப் போகிறவளும் நான்தான் என்றேன். சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐம்பத்தேழு வயதில், சேலைக்குப் பதிலாகச் சல்வார் போட்டுக்கொண்டு, ஆறடி ஆளுக்குச் செய்த கவசத்துக்குள் நான் நுழைந்தேன். உயரம் போதாமல் தோளுக்குள்ளும் இடுப்புக்குள்ளும் பழைய துவாய்களைத் திணித்தார்கள். பாஸ் ஒரு பக்கம், ராஜன் ஒரு பக்கம். ரிஸ்வான் தூரத்தில் தன் கணினிக்கு முன்னால் இருந்தான்.

உள்ளே போனதும்தான் தெரிந்தது. வெளியே பேசுவது எங்கோ தொலைவில் பேசுவது போல இருக்கிறது. உங்கள் மூச்சு உங்களுக்கே இரைச்சலாகக் கேட்கிறது. பத்து வருடத்துக்கு மேல் இப்படியான கவசங்களை வரைந்திருக்கிறேன். அதற்குள் இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பயந்துவிட்டேன். வேண்டாம், கழற்றுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது.

உட்கார்ந்தேன். தொடைத் தட்டுகள் இந்த முறை பக்கவாட்டில் சரிந்தன. கழுத்து வளையம் அசையவில்லை. வலது கையை மடக்கி இடது அக்குளுக்குக் கொண்டுபோனேன். விரலில் கைப்பிடி தட்டுப்பட்டது. இழுத்தேன். நெஞ்சுத் தட்டு திறந்து, ஸ்டூடியோவின் வெளிச்சமும் ராஜனுடைய பல்லும் ஒன்றாகத் தெரிந்தன. யாரும் என்னைத் தொடவில்லை. நானே தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, திரும்பவும் மூடி, திரும்பவும் திறந்து, மூன்று தரம் செய்து காட்டினேன். பாஸ் ஒவ்வொரு தரமும் குனிந்து கொக்கியைப் பார்த்தார்.

மூன்றாவது தரம் திறந்தபோது ரிஸ்வான் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்து வந்தான் என்று தெரியாது. கவசத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான். தொடைத் தட்டை விரலால் தள்ளிப் பார்த்தான். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"உங்களுக்கு இது பெருசு அக்கா. துவாய்க்கடை மாதிரி ஈக்கிறீங்க" என்றான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எழும்புங்க. நான் போடுறன்" என்றான்.

நான் எழுந்து அவனுக்கு இடம் விட்டேன்.